முன்வந்து செய்கிறவர்கள்

எங்கள் கம்பெனியில் யாரும் தப்பு செய்வதில்லை. தப்பு நடக்கும், அது வேறு விஷயம். விமானத்தில் தொலைந்துபோகும் பெட்டிகளைக் கண்டுபிடிக்கிற மென்பொருளைச் செய்து விமானக் கம்பெனிகளுக்கு விற்கிறோம். போன வருஷம் ஒரு விமானம் நிறையப் பெட்டிகள் டென்வருக்குப் போவதற்குப் பதிலாக அலாஸ்காவுக்குப் போய்விட்டன. லைல் தவறான பட்டனை அழுத்தியதால் வந்த வினை. அது எல்லாருக்கும் தெரியும், லைலுக்கும் தெரியும். ஆனால் அதற்காகக் கூடிய கூட்டத்தில் மார்லீன் முதலிலேயே கையைத் தூக்கித் தடுத்துவிட்டாள்.

"லைல் பட்டனை அழுத்தினார்னு யாரும் சொல்லாதீங்க. பட்டன் அழுத்தப்பட்டதுன்னு சொல்லுங்க."

மார்லீன் எங்கள் கம்பெனியில் மக்களும் மலர்ச்சியும் என்ற துறையின் தலைவி. மற்ற கம்பெனிகளில் இதை ஆள் எடுக்கிற, ஆள் அனுப்புகிற இலாகா என்பார்கள். இந்தக் கூட்டத்துக்கு அவள் வைத்திருக்கும் பெயர் பழிசொல்லா ஆய்வு. அதில் 'யார்' என்று கேட்கக்கூடாது. 'ஏன்' என்று கேட்கலாம், ஐந்து முறை கேட்டே ஆகவேண்டும். ஐந்தாவது ஏனுக்கு எப்போதும் ஒரே பதில்தான் வரும்: நமக்குள் பேச்சு போதவில்லை. எவராவது தானாக எழுந்து நடந்ததைச் சொன்னால் எல்லாரும் கைதட்டவேண்டும். அதோடு அந்தக் கோளாறைச் சரிசெய்யும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைப்பார்கள், அதைப்பற்றி அவருக்குத்தானே அதிகம் தெரியும். லைல் இப்போது பட்டன்கள் பிரிவின் தலைவர்.

பெட்டிகள் விஷயத்தில் எனக்கு இந்த முறையின் மேல் பெரிய புகார் எதுவும் இல்லை. ஜனவரியில் ஐடஹோ மலைமேல் பிராக் செத்துப்போனபோதுதான் புகார் வந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி எங்களை எங்காவது கூட்டிக்கொண்டுபோய் ஒற்றுமையாக்கும். இந்த முறை மலை உச்சியில் மரத்தால் கட்டிய ஒரு பழைய விடுதி. செல்போன் எடுக்காது. விடுதியை நடத்தும் வெர்னா அறுபது வயதுக்காரி. ஒரு நாய், ஒரு துப்பாக்கி, பதில் சொல்வதில் சிக்கனம் என்று வாழ்கிறவள். நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் மதியமே பனி கொட்டிப் பாதை மூடிக்கொண்டது. எப்போது திறக்கும் என்று மார்லீன் கேட்டதற்கு, "திறக்கும்போது திறக்கும்" என்று சொல்லிவிட்டு வெர்னா சோளரொட்டியை அடுப்பிலிருந்து எடுக்கப் போய்விட்டாள்.

சுவரில் ஒரு கடமான் தலை மாட்டியிருந்தது. அதன் கொம்புகளில் ஒன்று ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்து மார்லீன் அதைக் கழற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து அது பேச்சுக் கொம்பு. கொம்பு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், மற்றவர்கள் மனத்தால் கேட்கவேண்டும்.

அன்று மாலை நடந்தது கருத்துப் பரிசு. ஒவ்வொருவரும் இன்னொருவரைப் பற்றி ஒரு நல்லது, ஒரு முன்னேற்றம், அதாவது திருத்திக்கொள்ளவேண்டிய ஒரு குறை, சொல்லவேண்டும். வெறுமனே நல்லதை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் இரண்டு பேர் பரிசு கொடுக்கவேண்டும் என்று மார்லீன் சீட்டுக் குலுக்கினாள். ஹாலிஸுக்குப் பரிசு கொடுக்க வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பிராக், இன்னொருவன் நான், புகார்ப் பிரிவு வெண்டல்.

ஹாலிஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொள்முதல் பிரிவு. சாம்பல் நிற ஸ்வெட்டர். யார் என்ன சொன்னாலும் "நல்ல யோசனை" என்பார், சொன்னதை அப்படியே செய்வார். அதிகமாகக் காகிதம் செலவாகிறது என்று ஒருமுறை சொன்னார்கள். மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்கு அலுவலகத்தில் காகிதமே இல்லை, கழிப்பறை உட்பட.

பிராக் எங்கள் துணைத்தலைவர். உரக்கச் சிரிப்பார், நாம் சாப்பிடும்போது நம்மேல் பந்தை எறிவார், நாம் சொன்னதையே நம்மிடம் திருப்பிச் சொல்லிவிட்டு அது தன் யோசனை என்பார். காபி எடுக்கும் இடத்தில் நாங்கள் சந்தித்தால் வணக்கம் சொல்வதில்லை. "இந்த ஆள யாராவது போட்டுத்தள்ளினா தேவல" என்றுதான் சொல்லிக்கொள்வோம். பல வருஷமாகச் சொல்லி அதில் ருசியே போய்விட்டது.

அன்று பிராக் கொம்பை வாங்கிக்கொண்டு ஹாலிஸின் தோளில் ஓங்கித் தட்டினார்.

"ஹாலிஸ், நீ தங்கமான ஆளுப்பா. ஆனா ஒண்ணு. நீயா முன்வந்து எதையும் செய்யறதில்ல. சொன்னாத்தான் செய்யற. சுத்திமுத்தும் பாரு. எல்லாருக்கும் என்ன வேணும்னு பாரு. அத யாரும் சொல்றதுக்கு முன்னாடி செஞ்சு முடி."

"நல்ல யோசனை" என்றார் ஹாலிஸ். நேரமாகிவிட்டதால் என் பரிசை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள்.

காலையில் கணப்புக்கு விறகு எடுத்துவர நான் கொட்டகைக்குப் போனேன். பிராக் விறகுக் குவியல்மேல் குப்புறக் கிடந்தார். முதுகில் கோடாலி நின்றுகொண்டிருந்தது. அவர் மேல் மெலிதாகப் பனி படிந்திருந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. கத்த வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. எப்படி ஓடிவந்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. கையில் மட்டும் இரண்டு விறகை விடாமல் பிடித்திருந்தேனாம்.

எல்லாரும் கொட்டகை வாசலில் கூடினார்கள். என் பக்கத்து மேசை பெட்ரா அழுதாள். லைல் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். வெர்னா பிணத்தைப் பார்த்தாள், எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள்.

"உங்கள்ல எவன் செஞ்சது?"

"வெர்னா, அந்தக் கேள்விய நாங்க கேக்கறதில்ல" என்றாள் மார்லீன் மென்மையாக. "அது மனசுகள மூடிடும்."

வெர்னா இன்னொரு முறை எங்களைப் பார்த்தாள். பிறகு நாயைக் கூப்பிட்டுக்கொண்டு, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய் உள்ளே தாழ்போட்டாள். அந்த மலையில் அன்று நடந்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

கூடத்தில் இருபுறமும் பேசக்கூடிய ஒரு பழைய வானொலிப் பெட்டி இருந்தது, அவசரத்துக்கு அந்த வட்டாரப் போலீஸ் அதிகாரியான ஷெரிஃபைக் கூப்பிட. மார்லீன்தான் பேசினாள்.

"இங்க ஒரு நிகழ்வு ஏற்பட்டிருக்கு."

"என்ன நிகழ்வு?" ஷெரிஃபின் குரல் கரகரவென்று வந்தது.

"எங்க சகா ஒருத்தர் தொடர்ந்து பங்கேற்க முடியாத நிலையில இருக்காரு."

"காய்ச்சலா?"

"முதுகுல கோடாலி இருக்கு."

"யாரும்மா வெட்டினது?"

"பாருங்க, 'வெட்டினது'ங்கிற சொல்லுல ஏற்கெனவே ஒரு தீர்ப்பு ஒளிஞ்சிருக்கு. நாங்க அத இப்படிப் பார்க்கிறோம்..."

எப்படிப் பார்க்கிறோம் என்று அவள் விளக்கிக்கொண்டே போனாள். நான் பக்கத்தில் நின்று பெட்டியின் விளக்கு மங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை அவள் கையைத் தொட்டேன். கொம்பு என்னிடம் இல்லை என்று அவள் கண்ணால் காட்டினாள். கடைசியாக ஷெரிஃப் குறுக்கே புகுந்து, "நாளைக்குள்ள எப்படியாவது வந்துடறோம். யாருன்னு தெரிஞ்சா கட்டிப்போடுங்க. தெரியலன்னா எல்லாரும் ஒரே ரூம்ல" என்றார். அத்தோடு பேட்டரி தீர்ந்துவிட்டது.

"எல்லாரும் ஒரே ரூம்ல இருக்கணுமாம்" என்று மார்லீன் அறிவித்தாள். "நல்லவேளை, நம்ம திட்டமும் அதுதான்."

கணப்பைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தோம். எனக்கு எல்லாருடைய கைகளும்தான் தெரிந்தன. காபிக் கோப்பையைப் பிடித்திருந்த கைகள், மடியில் கோர்த்திருந்த கைகள். இவற்றில் ஒரு ஜோடி நேற்று கோடாலியைப் பிடித்தது. நான் கிளம்பும்போது மனைவி கொரின் கம்பளிக் கையுறையை மறக்காதே என்று சொன்னது ஞாபகம் வந்தது. அவளுக்குச் சிறுநீரகம் போய்விட்டது, வாரம் மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்பு. கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் அவள் இல்லை. அதனால்தான் நான் இந்தக் கம்பெனியில் இருக்கிறேன், கொம்பைப் பிடிக்கிறேன், கைதட்டுகிறேன். உயிரோடு வீட்டுக்குப் போகவேண்டும் என்பதைத் தவிர அன்று எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மார்லீன் முதல் ஏனைக் கேட்டாள். "பிராக் ஏன் இல்லாம போனாரு?"

"கோடாலி உள்ள போனதால" என்றான் லைல்.

"கோடாலி ஏன் உள்ள போச்சு?"

"கூரா இருந்ததால."

"ஏன் கூரா இருந்துச்சு?"

வெர்னா தீட்டி வைத்திருப்பாள், இடையில் ஒரு மேலதிகாரி வரலாம் என்று அவள் யோசித்திருக்க மாட்டாள் என்று பெட்ரா சொன்னாள். நல்ல கோணம் என்று மார்லீன் பாராட்டினாள். நான்காவது ஏனுக்கு வரும்போது ஹாலிஸ் கையை நீட்டி, "கொம்பு கிடைக்குமா?" என்றார்.

கொம்பு வட்டத்தில் கைமாறி அவரிடம் போனது.

"நான் ஒரு பாடத்தப் பகிர்ந்துக்க விரும்பறேன்" என்றார், வழக்கமான சின்னக் குரலில். "நேத்து எனக்கு ஒரு பரிசு கிடைச்சுது. நீயா முன்வந்து செய், எல்லாருக்கும் என்ன வேணும்னு பாருன்னு பிராக் சொன்னாரு. யோசிச்சேன். நம்ம எல்லாருக்கும் பொதுவா என்ன வேணும்? லைல், காபி எடுக்கும்போது நீங்க ஒண்ணு சொல்வீங்க. பெட்ராவும் சொல்வாங்க, வெண்டலும் சொல்வாரு. மார்லீன், நீங்ககூட கிறிஸ்துமஸ் விருந்துல சொன்னீங்க. இத்தன வருஷமா எல்லாரும் கேக்கறாங்க, ஒருத்தரும் முன்வரல. சரின்னு நான் செஞ்சேன்."

கணப்பில் ஒரு கட்டை உடைந்து விழுந்தது. கொலைகாரன் யார் என்று தெரியாதபோது ஒரு பயம் இருந்தது. தெரிந்தபின் அது பத்து மடங்காகிவிட்டது, ஏனென்றால் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மார்லீனின் உதடு நடுங்கியதை நான் பார்த்தேன். ஆனால் அவளுக்கு இத்தனை வருஷப் பழக்கம் கைகொடுத்தது.

"ஹாலிஸ்," என்றாள், "இவ்வளவு திறந்த மனசோட பேசினதுக்கு நன்றி. இதுக்கு எவ்வளவு துணிச்சல் வேணும்."

அவள் கைதட்ட ஆரம்பித்தாள். லைல் தட்டினான், பெட்ரா தட்டினாள். தட்டாதவர்கள் யார் என்று ஹாலிஸ் சுற்றிப் பார்த்தார். பிறகு எல்லாருமே தட்டினோம்.

ஐந்தாவது ஏனுக்கு விடை கிடைத்தது: நமக்குள் பேச்சு போதவில்லை. இனி இப்படி நடக்காமல் இருக்க ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளர் வேண்டும் என்று தீர்மானமானது. இந்த விஷயத்தில் அனுபவம் உள்ளவர் ஹாலிஸ் ஒருவர்தான். கொட்டகைச் சாவியையும் கோடாலியையும் அவரிடமே ஒப்படைத்தார்கள். அவர் அதைப் பனியில் துடைத்துச் சுத்தமாக மடியில் வைத்துக்கொண்டார்.

இடைவேளையில் பெட்ராவை ஓரமாக இழுத்தேன். "நாம இத்தன பேர் இருக்கோம், அவன் ஒருத்தன். பிடிச்சுக் கட்டிடலாமே."

"யாரு முதல்ல பிடிக்கறது?"

"எல்லாரும் சேந்துதான்."

"முதல்ல ஒருத்தர் கைய வைக்கணுமே, வெண்டல். அது நீன்னா சொல்லு, நான் பின்னாடி வரேன். மார்ச்ல எனக்குப் பதவி உயர்வு வேற பாக்கறாங்க. ஒரு சகாவ ஒதுக்கி வச்சாள்னு பேர் வந்தா மார்லீன் விடமாட்டா."

நானும் முதல் கையை வைக்கத் தயாராக இல்லை. சமையலறைக் கதவுக்குப் போய் மெதுவாகத் தட்டினேன்.

"வெர்னா, நான் வெண்டல். என்ன உள்ள விடுங்க. தயவுசெஞ்சு."

"நீங்க எல்லாரும் கைதட்டறது இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றாள் வெர்னா உள்ளேயிருந்து. "அந்தப் பாவிக்குக் கைதட்டின ஒருத்தனையும் உள்ள விடமாட்டேன்."

"நான் மெதுவாத்தான் தட்டினேன்."

உள்ளே நாய் உறுமியது. நான் வட்டத்துக்குத் திரும்பிவந்தேன்.

மதியம் மார்லீன் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள். "ஒண்ணு பாக்கி இருக்கு. ஹாலிஸுக்கு வெண்டலோட பரிசு."

போன பரிசு கொடுத்தவர் கொட்டகையில் கிடந்தார். ஹாலிஸ் நாற்காலியை எனக்கு நேராக இழுத்துப்போட்டுக்கொண்டு, மடியில் கோடாலியோடு, கவனமாக உட்கார்ந்தார்.

"ஹாலிஸ் ரொம்ப நல்லவர்" என்றேன். "கடமை உணர்ச்சி உள்ளவர். நேரம் தவறாதவர். அவ்வளவுதான்."

"வெண்டல்," என்றாள் மார்லீன், "முன்னேற்றம் ஒண்ணு சொல்லணும். இல்லன்னா அது பரிசு இல்ல."

"குறையே இல்லையே."

"நீங்க மனசத் திறக்கல. அவருக்கு வளர வாய்ப்பத் தர மாட்டேங்கறீங்க."

"சொல்லுங்க வெண்டல்" என்றார் ஹாலிஸ். "நீங்க சொன்னா நான் அப்படியே செய்வேன். உங்களுக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். அதுதான் என் பயமே. அவரிடம் கோபம் இல்லை, குரோதம் இல்லை. என் வாயிலிருந்து விழும் எந்தச் சொல்லும் நாளை யாருடைய முதுகிலாவது நிற்கும். வேகம் போதாது என்றால் வேகமாகச் செய்வார், தைரியம் போதாது என்றால் பட்டப்பகலில் செய்வார். அப்போதுதான் ஒன்று தோன்றியது. நான் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் கம்பெனியில் ஒரு கூட்டம்கூட ஒரு முடிவுக்கு வந்ததில்லை. காபி இயந்திரத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பதே இன்னும் துணைக்குழுவில் இருக்கிறது.

"நீங்க தனியா முடிவெடுக்கறீங்க, ஹாலிஸ்" என்றேன். "எந்தக் காரியத்தையும் செய்யறதுக்கு முன்னாடி எல்லாரையும் கலந்து, கூட்டத்துல வச்சு, எல்லாரும் ஒத்துக்கிட்ட அப்புறம்தான் செய்யணும்."

ஹாலிஸ் தலையசைத்தார். "நல்ல யோசனை" என்றார்.

மார்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வெளியே போய்ப் பனியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதேன். பிழைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் ஹாலிஸ் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எல்லாரிடமும் பேசினார், என்னிடம் மட்டும் வரவில்லை.

மறுநாள் காலை, வெர்னா கதவிடுக்கு வழியாகத் தள்ளிவிட்ட அப்பத்தை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஹாலிஸ் எழுந்து நின்றார். ஒரு கையில் கொம்பு, ஒரு கையில் கோடாலி.

"ஒரு யோசனைய முன்வைக்கறேன். எனக்கு ரெண்டு பரிசு கிடைச்சுது. நீயா செய்யுங்கறாரு பிராக். எல்லாரையும் கேட்டுச் செய்யுங்கறாரு வெண்டல். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. ராத்திரி பூரா குழம்பினேன். ரெண்டு பேருல ஒருத்தர் ஏற்கெனவே இல்ல. இன்னொருத்தரும் இல்லன்னா எனக்குக் குழப்பமே இருக்காது. வெண்டல் சொன்னபடியே எல்லாரையும் கலந்துக்கிட்டேன்."

பெட்ராவைப் பார்த்தேன். அவள் தன் அப்பத்தில் சர்க்கரைப் பாகைக் கவனமாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வெண்டல் மேல எனக்குத் தனிப்பட்ட விதத்துல ஒண்ணும் இல்ல" என்றான் லைல் கொம்பு வாங்கி. "ஆனா கூட்டம் முடியற நேரத்துல ஒரு கேள்வி கேப்பாரு பாருங்க. எல்லாரும் எழுந்து கோட்டு மாட்டியாச்சு, அப்பத்தான் 'ஒரே ஒரு சந்தேகம்'னு ஆரம்பிப்பாரு."

"அது உண்மைதான்" என்றாள் பெட்ரா தட்டைப் பார்த்தபடி. "பிறந்தநாள் கேக் வெட்டறப்பவும் வரமாட்டாரு."

"நன்றி, நல்லா திறந்து பேசறீங்க" என்றாள் மார்லீன். "ஆட்சேபணை ஏதாவது?"

கோடாலி ஹாலிஸின் கையில் இருந்தது. அது தன் பக்கம் திரும்பவில்லை என்ற நிம்மதி ஒவ்வொரு முகத்திலும் அப்பட்டமாகத் தெரிந்தது.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

மார்லீன் வருத்தத்தோடு தலையசைத்தாள். "வெண்டல், இது உங்க சொந்த நலன் சம்பந்தப்பட்ட விஷயம். நீங்க ஓட்டுப்போட்டா நல்லா இருக்காது. ஒதுங்கி நில்லுங்க. அதுதான் முறை."

"அப்ப முடிவாயிடுச்சா?" என்று கேட்டார் ஹாலிஸ்.

"முடிவாயிடுச்சுன்னுதான் நினைக்கறேன்" என்றாள் மார்லீன். அவள் குரலில் ஒரு ஆச்சரியம் இருந்தது. கம்பெனி வரலாற்றில் முதல் முடிவு.

நாற்காலிகள் நகர்ந்தன. சிலர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்கள், பார்க்க வேண்டாம் என்று வேறு அறைக்குப் போகத்தான். ஹாலிஸ் கொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கோடாலியை இரண்டு கையிலும் பிடித்தார். நான் கொம்பின் மேல் பாய்ந்தேன்.

"ஒரே ஒரு சந்தேகம்" என்றேன்.

லைல் முனகிக்கொண்டு உட்கார்ந்தான். ஆனால் கொம்பு என் கையில் இருந்தது.

"இது எங்க நடக்கும்? கொட்டகையிலயா, கூடத்துலயா? கூடம்னா கம்பளம் பாழாகும், விடுதிக்காரங்க கேட்டா எந்தப் பிரிவு பதில் சொல்லும்?"

"கொள்முதல்" என்றார் ஹாலிஸ்.

"கம்பளம் வசதிகள் பிரிவுல வருது" என்றான் லைல் உடனே. பிரிவு மாறிப்போனதை அவனால் தாங்க முடியவில்லை. "அதுல நீங்க தலையிட முடியாது."

"கொட்டகைன்னா அங்க ஏற்கெனவே பிராக் இருக்காரு" என்று தொடர்ந்தேன். "இடம் பத்துமா? அப்புறம் என் வேலைய யார் பாக்கறது? புகார்ப் பிரிவ பெட்ராதான் சேத்துப் பாக்கணும்."

பெட்ரா நிமிர்ந்தாள். "நானா? அத யாரும் எங்கிட்ட சொல்லலயே. ஹாலிஸ், நேத்து பேசறப்ப இத நீங்க சொல்லவே இல்ல."

"அது பின்னாடி பேசிக்கலாம்னு..."

"பின்னாடின்னா? ரெண்டு பேர் வேலைய ஒருத்தி செய்யறதா?"

மார்லீன் வெள்ளைப் பலகையை இழுத்துவந்தாள். நான் கொம்பை விடவே இல்லை. கோடாலி போன தடவை பிராக்குக்குப் பயன்பட்டதே, அதையே திரும்பப் பயன்படுத்துவது முறையா என்று கேட்டேன். இது முன்னோடித் திட்டமா, நிரந்தர ஏற்பாடா என்று கேட்டேன். இரண்டு துணைக்குழுக்கள் அமைந்தன. கம்பளக் குழுவும் கொட்டகைக் குழுவும் தனித்தனி மூலைகளில் உட்கார்ந்து சண்டைபோட்டன. ஹாலிஸ் கோடாலியோடு நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். நடுநடுவே, "இப்ப ஒத்துக்கிட்டாச்சா?" என்று பணிவாகக் கேட்டார். அவர் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் நான் இன்னொரு கேள்வியைக் கிளப்பினேன். எனக்குத் தொண்டை கட்டி, கேள்விகளெல்லாம் தீர்ந்து, பிணத்துக்குக் கேக் வெட்டுவது உண்டா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோது வெளியே பனிவண்டிகளின் சத்தம் வந்தது.

ஷெரிஃப் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கோடாலியைப் பார்த்ததும் துப்பாக்கியை எடுத்தார்.

"யாரு செஞ்சது?"

"ஷெரிஃப், இது பாதுகாப்பான வட்டம். இங்க அந்தக் கேள்விய..." என்று மார்லீன் ஆரம்பித்தாள்.

"நான்தான்" என்றார் ஹாலிஸ் கையைத் தூக்கி. "ரெண்டாவது இன்னும் முடியல. துணைக்குழுவுல இருக்கு."

விலங்கு மாட்டும்போதும் அவர் முரண்டு பண்ணவில்லை. என்னைக் கடந்துபோகும்போது நின்றார். "வெண்டல், உங்க பரிசுதான் எனக்குக் கிடைச்சதுலயே நல்ல பரிசு. எல்லாரையும் கலந்துக்கறது எவ்வளவு கஷ்டம்னு இப்பத்தான் தெரிஞ்சுது." அவர் மனதாரச் சொன்னார். வெர்னா சமையலறைக் கதவைத் திறந்து எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டாள்.

ஹாலிஸ் இப்போது சிறையில் இருக்கிறார். கம்பெனியைப் பொறுத்தவரை நீண்ட விடுப்பில் இருக்கிறார். எனக்கு வேறு வேலை கிடைக்கவில்லை, கொரினுக்கு வேறு சிறுநீரகமும் கிடைக்கவில்லை. அதனால் பழைய மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் முடிவாகாத விஷயம் எதுவும் கைவிடப்படுவதில்லை, அடுத்த கூட்டத்துக்குப் போகும். ஷெரிஃப் வந்ததால் அன்றையக் கூட்டம் பாதியில் நின்றது. ஆகவே ஒவ்வொரு திங்கட்கிழமையும் மார்லீன் நிலுவைகளை வாசிக்கிறாள். காபி இயந்திரம் எந்தப் பக்கம். அலாஸ்காப் பெட்டிகள். வெண்டல்.

நான் போய்க் கேட்டேன். "அத நீக்கிடலாமே, மார்லீன்."

"நீக்கணும்னா எல்லாரும் ஒத்துக்கணும்" என்றாள் அவள் பரிவோடு. "நீங்க ஓட்டுப்போட முடியாது. லைல் இன்னும் யோசிக்கணுங்கறாரு. கவலப்படாதீங்க, பொறுப்பேத்துக்க ஆளே இல்லையே."

அது உண்மை. வாராவாரம் அவள் "பொறுப்பாளர் இல்லை, அடுத்த வாரம்" என்று சொல்லும்வரை நான் மேசைவிளிம்பைப் பிடித்துக்கொண்டிருப்பேன். சொன்னதும் மூச்சு விடுவேன். ஒரு வாரம் வாழலாம்.

போன திங்கட்கிழமை கொள்முதல் பிரிவுக்குப் புதிதாக ஒருவன் வந்திருந்தான். கீகன் என்று பெயர், கல்லூரி முடித்துச் சூடு ஆறாத பையன், நல்ல இஸ்திரி போட்ட சட்டை. மார்லீன் நிலுவைகளை வாசித்தாள். காபி இயந்திரம், பெட்டிகள், வெண்டல். "பொறுப்பாளர் இல்..." என்று அவள் முடிப்பதற்குள் அவன் கையைத் தூக்கினான்.

"மன்னிக்கணும், நான் புதுசு. இது ரொம்ப நாளா நிலுவையில இருக்கும்போல. விவரம் எனக்குத் தெரியாது. ஆனா வேற யாரும் எடுக்கலன்னா நான் எடுத்துக்கறேன்."

மார்லீனின் முகம் மெல்ல மலர்ந்தது.

"பாத்தீங்களா," என்றாள், "இப்படித்தான் முன்வரணும்."

எல்லாரும் கைதட்டினார்கள். தட்டாதவர்கள் யார் என்று பையன் ஆர்வமாகச் சுற்றிப் பார்த்தான். நானும் தட்டினேன், மெதுவாகத்தான்.